மூட்டு வலிக்குத் தரப்படும் பற்பம், செந்தூரங்களைச் சோதிப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் வாத நோய்களுக்கென வழிவழியாகச் செய்யப்பட்டுவரும் ஒரு செந்தூரத்தில் (உலோகங்களையும் தாதுக்களையும் தீயில் புடமிட்டுச் செய்யும் சிவப்புத் தூள்; பெரும்பாலும் வெண்ணிறமாக வருவது பற்பம்) என்னதான் இருக்கிறது, அது வலியையும் வீக்கத்தையும் உண்மையாகவே குறைக்கிறதா, குறைக்கும்போது உடலின் வேறு உறுப்புகளுக்கு என்ன செய்கிறது என்று அறிய முற்பட்டபோது, எங்கே போவது, எதை எழுதிக் கொடுப்பது, எதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பரம்பரை வைத்தியர்களின் பிள்ளைகளும், சித்த, ஆயுர்வேத மருத்துவம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கும் இளம் வைத்தியர்களும் அதே அலைச்சலைப் படாமல் இருக்கவே இதை எழுதுகிறேன். மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் 6ஆம், 7ஆம், 8ஆம் படிகளை மட்டும் வாசித்தாலும் போதும்.

1. கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"மருந்தை டெஸ்ட் பண்ண வேண்டும்" என்று போய் நின்றால் எந்த ஆய்வுகூடமும் உங்களுக்கு உதவ முடியாது. மருந்தில் எந்த உலோகம், எந்த இரசாயன வடிவில், எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது உடலில் சேர்ந்து தீங்கு செய்கிறதா என்பது இரண்டாவது. வலியையும் அழற்சியையும் குறைக்கிறதா என்பது மூன்றாவது. முதலாவதற்கு ஒரு போத்தல் மருந்தும் சில வாரங்களும் போதும்; இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விலங்குகள், பின்னர் மனிதர்கள், ஒழுக்கநெறி அனுமதி, மாதக்கணக்கான காலம் என்று எல்லாம் வேண்டும்.

வரிசையை மாற்றாதீர்கள். "எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறது, ஆகவே நேரே நோயாளிகளில் ஓர் ஆய்வு செய்வோம்" என்று தொடங்குபவர்களை ஒழுக்கநெறிக் குழு முதல் கூட்டத்திலேயே திருப்பி அனுப்பும், அனுப்புவதும் சரியே. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. பெரும்பாலான குடும்ப மருந்துகளுக்கு அந்த விடையே போதுமான அளவுக்குப் பல விடயங்களைச் சொல்லிவிடும்.

2. பெயரையும் செய்முறையையும் எழுத்தில் கொண்டுவாருங்கள்

மூலப்பொருட்களின் பெயரைப் பரியாரியார் சொன்னபடியே எழுதி அனுப்புவது ஆபத்தானது. நமது சித்த மரபிலும் பாடசாலை இரசாயனத்திலும் நாகம் என்பது துத்தநாகம். ஆயுர்வேத நூல்களிலோ நாக பஸ்மம் என்றால் ஈயம். வங்கம் என்று ஆயுர்வேதத்தில் சொல்வது வெள்ளீயத்தை. நம்மவர்கள் கருவங்கம் என்று சொன்னால் அது ஈயம். ஆகவே கோரிக்கைப் படிவத்தில் உலோகத்தின் இரசாயனக் குறியீட்டையும் சேர்த்தே எழுதுங்கள். இலிங்கம் இரசமும் (பாதரசமும்) கந்தகமும் சேர்ந்தது என்பதையும், வீரமும் பூரமும் இரசத்தின் குளோரைட்டுகள் என்பதையும், தாளகம் ஆசனிக்கு என்ற நச்சுத் தனிமத்தைக் கொண்டது என்பதையும் படிவத்தை நிரப்புமுன் மனதில் வைத்திருங்கள். சங்கு, பவளம், முத்துச்சிப்பி ஆகியவற்றின் பற்பங்கள் சுண்ணாம்புச் சத்தைச் சேர்ந்தவை என்றாலும், அவற்றிலும் ஈயம் மாசாகக் கலந்திருக்கக்கூடும் என்பதால் சோதனையிலிருந்து விலக்க வேண்டாம்.

அடுத்தது தொகுதிப் பதிவேடு. ஒரே தடவையில் செய்து முடித்த மருந்தே ஒரு தொகுதி. ஒரு சாதாரண கொப்பி போதும். மூலப்பொருளை எங்கே, எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு நிறை, சுத்தி (மூலப்பொருளைத் தூய்மைப்படுத்தல்) எதனால் எத்தனை முறை செய்தீர்கள், எந்தச் சாற்றில் எத்தனை மணி நேரம் அரைத்தீர்கள், எத்தனை புடம் (வரட்டித் தீயில் சுடுதல்), ஒவ்வொரு புடத்துக்கும் எத்தனை வரட்டி, புடத்துக்கு முன்னும் பின்னும் மருந்தின் நிறை என்ன என்பவற்றைத் திகதியோடு எழுதுங்கள். கடையில் வாங்கிய பற்றுச்சீட்டை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இந்தக் கொப்பி இல்லாமல் பெறப்படும் ஆய்வுகூட அறிக்கை அந்த ஒரு போத்தலைப் பற்றியது மட்டுமே. அடுத்த முறை செய்யும் மருந்தைப் பற்றி அது எதையும் சொல்லாது.

மூத்த பரியாரியார் ஒருவரிடம் செய்முறையை முழுமையாக எழுதித் தரும்படி கேட்பது எளிதல்ல. மரபு இரகசியம் வெளியே போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அவரோடு ஓர் எழுத்து உடன்படிக்கை செய்துகொண்டு, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வுகூடத்துக்கு மூலப்பொருட் பட்டியல் மட்டும் போதும். முழுச் செய்முறையும் தேவையில்லை என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

3. பழைய சோதனைகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்

இவற்றுக்குச் செலவு இல்லை. விரலிடையே தேய்த்தால் ரேகைக்குள் படிய வேண்டும். அசையாத நீரில் மெதுவாகத் தூவினால் மிதக்க வேண்டும். வெயிலில் பிடித்தால் மினுக்கம் தெரியக் கூடாது. தணலில் இட்டால் புகையக் கூடாது. வெல்லம், தேன், நெய், குன்றிமணி, வெங்காரம் ஆகியவற்றோடு சேர்த்துச் சுட்டால் உலோகமாகத் திரும்பக் கூடாது. தாமிர பற்பத்தைத் தயிரில் இட்டு வைத்தால் பச்சையோ நீலமோ ஏறக் கூடாது. இவற்றில் ஒன்றில் தவறினாலும் மருந்து முடியவில்லை என்றே பொருள். அதைக் கொழும்புக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் இரசமும் பாஷாணமும் (ஆசனிக்கு போன்ற நச்சுத் தாதுக்களும்) சேர்ந்த மருந்தைத் தணலில் இடும் சோதனையை வீட்டுக்குள் செய்யவே கூடாது. அந்த ஆவி நேரே நுரையீரலுக்குப் போகும்.

இச்சோதனைகள் துகளின் நுண்மையையும், மாறாத உலோகம் மிஞ்சியிருக்கிறதா என்பதையும் பற்றியவை. வயிற்று அமிலத்தில் எவ்வளவு கரையும், குருதியில் எவ்வளவு ஏறும் என்பதை இவை காட்டமாட்டா. நீரில் அழகாக மிதக்கும் ஈய பற்பமும் ஈயம்தான்.

4. மாதிரி எடுத்தலும் பொதி செய்தலும்

பித்தளைக் கரண்டி, இரும்பு உரல், மெருகிட்ட மண் சட்டி, மை அச்சடித்த பத்திரிகைத் தாள் ஆகிய ஒவ்வொன்றும் மருந்தில் இல்லாத உலோகத்தை மாதிரிக்குள் சேர்த்துவிடும். புதிய பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து, அகன்ற வாயுள்ள புதிய வெண்ணிறப் பிளாஸ்டிக் போத்தலில் இட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுப் பட்டி சுற்றி, திகதியும் தொகுதி இலக்கமும் கையொப்பமும் இடுங்கள். தொகுதி முழுவதையும் நன்றாகக் கலந்து, மேல், நடு, அடி என வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். பாரமான துகள்கள் அடியில் தங்கும் என்பதால் மேலே இருப்பதை மட்டும் அள்ளினால் பெறுபேறு குறைவாக வரும்.

ஒரே மாதிரியை மூன்று போத்தல்களாகப் பிரியுங்கள். ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று பெறுபேற்றில் சந்தேகம் எழுந்தால் வேறோர் ஆய்வுகூடத்துக்கு, ஒன்று உங்களிடமே இருப்பில். ஓர் உலோகச் சோதனைக்கு அரைக் கிராம் அளவே கரைக்கப்படும். ஆயினும் மீள்சோதனைகளையும் சேர்த்து ஒவ்வொரு போத்தலிலும் 20 கிராமாவது இருந்தால் நிம்மதி.

காலத்தையும் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் மருந்து அரைப்பதும் போத்தலில் இடுவதும் தெருப் புழுதியை மாதிரிக்குள் அழைப்பதாகும். சாத்திய அறைக்குள் செய்யுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் வரட்டி காயாது, புடத்தின் சூடு ஒரே அளவில் நிற்காது, வெள்ளம் வந்தால் பாதைகளும் அடைபடும். பெப்ரவரிக்கும் செப்டெம்பருக்கும் இடையில் மருந்தை முடித்து அனுப்பும்படி திட்டமிடுவது எல்லா வகையிலும் இலகு.

5. ஆய்வுகூடத்தைத் தெரிவுசெய்து, சரியான சோதனையைக் கேளுங்கள்

ஈரப்பதம், சாம்பல் அளவு, அமிலத்தில் கரையாச் சாம்பல் போன்ற அடிப்படைச் சோதனைகளுக்கு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறையிலோ, அம்பாறைப் பக்கத்தவர்கள் சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ விரிவுரையாளர் ஒருவரின் ஊடாக முதலில் விசாரித்துப் பாருங்கள். சித்த மருத்துவம் சார்ந்த ஆலோசனைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிப்பவர்களை அணுகலாம். உலோகங்களைத் துல்லியமாக அளக்கும் சேவைக்குக் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும், மருந்தின் தரம் பற்றிய விடயங்களுக்கு மகரகம நாவின்னவிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவகமும் அணுகத்தக்கவை. தனியார் ஆய்வுகூடங்களும் உண்டு. எதுவானாலும் ஐ.எஸ்.ஓ. 17025 என்ற, ஆய்வுகூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தர அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அந்த அங்கீகாரம் எந்தப் பொருளுக்கு என்றும் கேளுங்கள்; குடிநீரில் ஈயம் அளக்கப் பெற்ற அங்கீகாரம் செந்தூரத்துக்குப் பொருந்தாது.

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓர் ஆய்வுகூடம் எங்களுக்குத் தந்த முதல் அறிக்கையில் இரசம் "கண்டறியப்படவில்லை" என்றிருந்தது; அதுவோ இரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்தே செய்த மருந்து. மகிழ்ந்துபோய் அந்த அறிக்கையைச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கவிடக்கூடிய வைத்தியர்களும் இருக்கிறார்கள். நடந்தது இதுதான்: மாதிரியைக் கரைக்குமுன் உலையில் இட்டுச் சாம்பலாக்கியிருக்கிறார்கள். இலைக்கும் வேருக்கும் அது பொருந்தும். இரசமோ அந்த வெப்பத்தில் ஆவியாகப் பறந்துவிடும், ஆசனிக்கிலும் ஒரு பகுதி போய்விடும். இன்னொரு பொறியும் உண்டு. இரச சல்பைட்டு நைத்திரிக்கமிலத்தில் மட்டும் இட்டால் கரையாது. மூன்று பங்கு ஐதரோகுளோரிக்கமிலமும் ஒரு பங்கு நைத்திரிக்கமிலமும் சேர்ந்த இராஜதிராவகம் வேண்டும். கரையாமல் அடியில் நின்றதைக் கருவி எண்ணுவதில்லை.

ஆகவே கோரிக்கைக் கடிதத்தில் இவற்றை வெளிப்படையாக எழுதுங்கள்: மாதிரியைச் சாம்பலாக்கக் கூடாது, மூடிய கலத்தில் இராஜதிராவகம் கொண்டு கரைக்க வேண்டும், ஈயம், கட்மியம், ஆசனிக்கு, இரசம் ஆகிய நான்கையும் மிகச் சிறிய அளவையும் அளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவி முறையில், அல்லது இரசத்தைக் குளிராவி முறையில் அளக்க வேண்டும். ஒவ்வோர் உலோகத்துக்கும் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவையும், தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து மீட்டுப் பார்த்த சதவீதத்தையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். மருந்தில் சேர்த்த உலோகம் இரும்போ செம்போ ஆனால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அளவு மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். இரசம் சல்பைட்டாக இருப்பதும் குளோரைட்டாக இருப்பதும் நஞ்சின் அளவில் வெகுதூரம் வேறுபட்டவை. எக்ஸ்.ஆர்.டி. எனப்படும் எக்ஸ் கதிர்ச் சோதனை படிக வடிவத்தைக் காட்டும். ஆனால் மாறாத திரவ இரசம் படிகமல்ல என்பதால் அச்சோதனையில் தெளிவான முகடாகத் தெரியாது, எக்ஸ்.ஆர்.டி. படத்தில் சல்பைட்டு மட்டும் இருக்கிறது என்பதைக் கொண்டு தனி இரசம் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பணம் இடம் தருமானால், வயிற்று அமிலத்தை ஒத்த கரைசலில் 37 பாகை வெப்பத்தில் ஊறவைத்து எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். என் கணிப்பில், மிதக்கிறதா, ரேகையில் படிகிறதா என்ற எல்லாச் சோதனைகளையும் விட இந்த ஓர் எண் பயனுள்ளது.

கொண்டுபோக வேண்டிய ஆவணங்கள்: கோரிக்கைக் கடிதம் (ஆங்கிலத்தில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்), மூலப்பொருட் பட்டியல், தொகுதி இலக்கம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, வைத்தியர் என்றால் ஆயுர்வேத மருத்துவச் சபைப் பதிவுச் சான்றிதழின் பிரதி, மாணவர் என்றால் துறைத் தலைவரின் கடிதம். பாஷாணம் அல்லது வீரம் சேர்ந்த மருந்தானால் அதை உறையின் மேலேயே எழுதுங்கள்; மாதிரியைத் திறப்பவரும் ஒரு மனிதர்தான்.

செலவு, மாதிரி ஒன்றுக்கு உலோகம் ஒன்றுக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படும்; கரைக்கும் கட்டணம் தனியாக இருக்கலாம். எழுத்தில் விலைக்கூற்றுப் பெறுங்கள். அதில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் மாணவர்களுக்குச் சலுகை உண்டு; கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மூன்று தொகுதிகளையாவது சோதிக்கும்படி பணத்தை ஒதுக்குங்கள். ஒரு தொகுதிக்குப் பத்து உலோகங்கள் பார்ப்பதை விட மூன்று தொகுதிகளுக்கு நான்கு உலோகங்கள் பார்ப்பது மேல். பணம் செலுத்திய நாளிலிருந்துதான் காலம் எண்ணப்படும். சில வாரங்கள் ஆகும். கருவி பழுது என்றால் மாதங்களும் ஆகலாம்.

6. வலி மருந்து கலந்திருக்கிறதா என்று பாருங்கள்

உங்கள் கையால் செய்த மருந்துக்கு இது தேவையில்லை. கடையிலோ, ஊர் ஊராக வருபவரிடமோ, சந்தையிலோ வாங்கிய மருந்தென்றால் உலோகச் சோதனையை விட இதுவே முதலில் வேண்டியது. மூட்டு வலிக்கான தூள்களிலும் குளிகைகளிலும் டெக்சாமெதசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொயிட்டுகளும், டைக்ளோபெனக் போன்ற வலி நிவாரணிகளும் கலக்கப்படுவது உலகெங்கும் கண்டறியப்பட்ட ஒன்று. இரண்டு நாளில் வீக்கம் வடிந்து, பசி கூடி, முகம் வட்டமாக ஊதத் தொடங்கினால் சந்தேகிக்க வேண்டும்.

இச்சோதனை, கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்தறியும் எச்.பி.எல்.சி. அல்லது எல்.சி.எம்.எஸ். கருவியில் செய்யப்படுவது, உலோகச் சோதனையை விடச் செலவு கூடியது, எந்தெந்த மருந்தைத் தேட வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டே கேட்க வேண்டும். இதை முடிக்காமல் அழற்சி குறைகிறதா என்று எலியிலோ மனிதரிலோ பார்த்தால், கடைசியில் ஸ்டீரொயிட்டின் பலனைச் செந்தூரத்தின் பலன் என்று எழுதிவைப்பீர்கள். மாதக்கணக்கில் ஸ்டீரொயிட்டு கலந்த மருந்தைச் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட்டு குறைந்திருக்கும் என்பதால் வைத்தியசாலையில் காட்டிப் படிப்படியாகவே நிறுத்த வேண்டும்.

7. அறிக்கையை நாளொன்றின் அளவாக மாற்றி வாசியுங்கள்

அறிக்கையில் வருவது ஒரு கிலோகிராமில் எத்தனை மில்லிகிராம் என்ற எண். இந்தியாவில் மூலிகை மருந்துகளுக்கு வைத்திருக்கும் எல்லை ஈயத்துக்கு 10, ஆசனிக்குக்கு 3, இரசத்துக்கு 1, கட்மியத்துக்கு 0.3. உலோகத்தையே மூலப்பொருளாகக் கொண்ட மருந்துக்கு இந்த எல்லை வகுக்கப்படவில்லை. ஆகவே நாளொன்றில் வாய்வழியே எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கிடுங்கள். மருந்துகளில் மாசாக வரும் உலோகங்களுக்குச் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட வாய்வழி எல்லை ஈயத்துக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம், கட்மியத்துக்கு 5, ஆசனிக்குக்கு 15, இரசத்துக்கு 30.

ஓர் உதாரணம். ஒரு வேளைக்கு ஒரு குன்றிமணி எடை மருந்து என்று வைத்துக்கொள்வோம்; அது ஏறத்தாழ 130 மில்லிகிராம். நாளுக்கு இரு வேளை என்றால் 0.26 கிராம். ஈயம் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று அறிக்கை சொன்னால், நாளொன்றுக்கு 52 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. எல்லையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அதே கணக்கில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயம் உள்ள, அதாவது மூலிகை எல்லைக்குள் நிற்கும் ஒரு சூரணத்தை நாளுக்கு 5 கிராம் சாப்பிடுபவருக்கு 50 மைக்ரோகிராம் போகிறது. "எல்லைக்குள்" என்ற முத்திரையைப் பார்த்து அமைதியடையாமல் கணக்குப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நிறுவ முடியாது என்ற காரணத்தால், அதற்கு முன்பு வைத்திருந்த வாராந்த எல்லையைச் சர்வதேச உணவு நிபுணர் குழு 2010இல் விலக்கிக்கொண்டது.

8. ஏற்கனவே சாப்பிடுபவர் என்றால் குருதியையும் பாருங்கள்

ஈயத்துக்குக் குருதி, இரசத்தின் உப்புகளுக்கும் ஆசனிக்குக்கும் சிறுநீர். இவற்றோடு கிரியேட்டினின் (சிறுநீரகம் இயங்குவதைக் காட்டும் குருதிச் சோதனை), ஈரல் சோதனை, குருதி எண்ணிக்கை, சிறுநீரில் புரதம் ஆகியவை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளிலோ ஒரு வைத்தியரின் துண்டோடு செய்யக்கூடியவை. உலோகச் சோதனைக்கான குருதி பெரும்பாலும் கொழும்புக்கே போகும். உலோகமற்றது என உறுதிசெய்யப்பட்ட குழாயில் எடுத்தார்களா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, குருதியில் ஈயம் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும்.

நமது பிரதேசத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை. வாவியிலும் கடலிலும் பிடிக்கும் மீன், இறால், நண்டு இல்லாமல் இங்கே சோறு இறங்காது. கடலுணவில் தீங்கற்ற வடிவில் ஆசனிக்கு நிறைய உண்டு. பெரிய மீன்களில் இரசமும் உண்டு. முதல் நாள் நண்டுக் கறி சாப்பிட்டுவிட்டு மறுநாள் சிறுநீர் கொடுத்தால் ஆசனிக்கு உயர்ந்து நிற்கும், பழி மருந்தின்மேல் விழும். சோதனைக்கு ஐந்து நாள் முன்னிருந்தே கடலுணவைத் தவிருங்கள். தவிர்த்த திகதியையும் எழுதிவையுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர், சிறுநீரக நோயாளர் ஆகியோர் பெறுபேறு வரும்வரை காத்திராமல் இப்போதே மருந்தை நிறுத்தி வைத்தியரைக் காண வேண்டும். சிறுநீரகம் ஏற்கனவே பாதிக்கப்பட்டவர்கள் நமது விவசாயக் கிராமங்களில் குறைவல்ல. அவர்களுக்கே மூட்டு வலியும் அதிகம்.

9. விலங்குச் சோதனை

இதைத் தனிநபர் செய்ய முடியாது. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளரோடு சேர்ந்து, விலங்கு ஆய்வுக்கான ஒழுக்கநெறி அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். ஆய்வாளரிடம் பேசும்போது நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

அழற்சிக்குப் பொதுவாகச் செய்வது, எலியின் பின்னங்காலில், அழற்சியை உண்டாக்கும் 1 சதவீத கரஜீனன் கரைசலை 0.1 மில்லிலீற்றர் ஏற்றி வீங்கச் செய்து, மருந்து கொடுத்த எலியின் பாதம் எவ்வளவு குறைவாக வீங்குகிறது என்று சில மணி நேரம் அளப்பது. வலிக்கு 55 பாகை சூட்டுத் தட்டில் எலி காலை எடுக்கும் நேரத்தை அளக்கிறார்கள். ஒப்பிட இண்டோமெதசின் போன்ற அறியப்பட்ட மருந்து கொடுத்த குழு ஒன்றும், மருந்தே கொடுக்காத குழு ஒன்றும் இருக்கும். தேனிலோ நெய்யிலோ குழைத்துக் கொடுக்கும் மருந்தானால், அந்தத் தேனையும் நெய்யையும் மட்டும் பெறும் குழு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுபானத்தின் விளைவைப் பிரித்தறிய முடியாது.

அளவில் ஏமாறாதீர்கள். 70 கிலோ மனிதரின் நாளாந்த அளவை 0.018ஆல் பெருக்கினால் 200 கிராம் எலிக்குரிய அளவு வரும். 260 மில்லிகிராமுக்கு 4.7 மில்லிகிராம். இதைப் போல ஐம்பது மடங்கு கொடுத்து வீக்கம் வடிந்தது என்று எழுதப்படும் கட்டுரைகள் ஒரு நோயாளிக்கும் பயன்படா. செந்தூரம் நீரில் அடியில் தங்கும். ஒவ்வொரு எலிக்கும் கொடுக்குமுன் கலக்கினார்களா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வீதம் ஒரே முறை கொடுத்து எலி இறக்கவில்லை என்பதைக் கொண்டு "பாதுகாப்பானது" என்று சான்று காட்டுவது உலோக மருந்துகளின் விடயத்தில் மிகப் பெரிய பொறி. உலோகம் மெதுவாகச் சேர்வது. குறைந்தது 28 நாள் தொடர்ந்து கொடுத்து, சிறுநீரகத்தையும் ஈரலையும் நுண்நோக்கியில் பார்த்து, அவற்றில் தங்கிய உலோகத்தையும் அளக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி எலிகளின் விலைக்கு அல்ல, அவற்றைப் பராமரிப்பதற்கும் உறுப்புப் பரிசோதனைக்குமே போகும். அனுமதியிலிருந்து அறிக்கை வரை ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. மனிதரில் ஆய்வு

பதிவுபெற்ற வைத்தியர், ஏற்ற வைத்தியசாலை, ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி, முதல் நபரைச் சேர்க்குமுன்பே இலங்கை மருத்துவச் சங்கத்தின்கீழ் இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிவு ஆகிய நான்கும் இல்லாமல் ஒருவருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழக சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவை அணுகலாம். மாகாண வைத்தியசாலையில் செய்வதானால் மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும்.

விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், 5ஆம் படியின் அறிக்கை, வாங்கிய மருந்தானால் 6ஆம் படியின் அறிக்கையும், விலங்குச் சோதனை முடிவு, ஆய்வாளர்களின் தகுதி விவரம், செலவுத் திட்டம், பங்கேற்பவருக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்ற உறுதிமொழி, தகவல் தாளும் ஒப்புதல் படிவமும். தகவல் தாள் தமிழில், அம்பாறை மாவட்டத்தில் சிங்களத்திலும், இருக்க வேண்டும். அதில் "உலோகம் கலந்தது" என்பதை மறைத்துப் "பாரம்பரிய மருந்து" என்று மட்டும் எழுதினால் குழு திருப்பி அனுப்பும். கேள்விகளும் திருத்தங்களுமாகச் சில மாதங்கள் போகும். மாணவர்கள் இதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

உள்ளூருக்குரிய சில ஏற்பாடுகள். செந்தூரத்தின் சிவப்பு நிறம் தெரிந்துவிடும் என்பதால் மருந்தையும் ஒப்பீட்டுத் தூளையும் ஒளிபுகாத கூடுகளில் இட வேண்டும். ஜெலட்டின் கூடுகளை முஸ்லிம்களிலும் சைவ உணவுக்காரரிலும் பலர் ஏற்கமாட்டார்கள், எனவே தாவரக் கூடுகளை வாங்குங்கள். தேனும் வெல்லமும் அனுபானமாக இருந்தால் நீரிழிவு உள்ளவர்களை எப்படிச் சேர்ப்பது என்று முன்னரே தீர்மானியுங்கள். நோன்பு மாதத்தில் ஆய்வு விழாதபடி பாருங்கள். பகல் முழுதும் நீர் அருந்தாதவரின் சிறுநீரகச் சோதனையை மற்ற மாதங்களோடு ஒப்பிட முடியாது. நெல் வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போகிறவரின் முழங்கால் வலியும் வேறு மாதிரியானது.

வலியை 100 மில்லிமீற்றர் கோட்டில் குறிக்கச் செய்வதும், முழங்கால் தேய்வென்றால் 24 வினாக்கள் கொண்ட வோமக் படிவத்தை நிரப்புவதும், அழற்சிக்கு சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற குருதிச் சோதனைகளைப் பார்ப்பதும் வழக்கம். பங்கேற்பவர் இடையில் பாமசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போட்டாரா என்று ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள், வெற்று அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிரியேட்டினினும் குருதி உலோகமும் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் பார்க்கப்பட வேண்டும். ஒரு பங்கேற்பாளருக்கு மூன்று தடவை என்று பெருக்கிப் பார்த்தால், மருந்து செய்யும் செலவை விட இதுவே பல மடங்கு வரும். எந்த எண்ணைத் தாண்டினால் அவரை ஆய்விலிருந்து விலக்குவது என்பதையும் முதல் நாளுக்கு முன்பே எழுதிவையுங்கள்.

எல்லாப் பங்கேற்பாளர்களுக்கும் போதுமான மருந்தை ஒரே தொகுதியில் செய்து, அந்தத் தொகுதியின் அறிக்கை கையில் வந்த பிறகே ஆட்சேர்ப்பைத் தொடங்குங்கள். இடையில் தீர்ந்துபோனால் ஆட்சேர்ப்பை நிறுத்தி, புதிய தொகுதியின் போத்தலை மீண்டும் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். பழைய அறிக்கையைக் காட்டி அதை எவருக்கும் கொடுக்கக் கூடாது.